நெற்றித் திலகமும் மேனி நலமும்

சித்திரைத் திருவிழாவில் அன்னை மீனாட்சிக்கும் சுந்தரேசுவரப் பெருமானுக்கும் திருக்கல்யாணம் நிகழும் முகூர்த்தத்தில், மதுரை மாநகரின் வீடுகளிலும் வீதிகளிலும் சுமங்கலிப் பெண்கள் தம் மங்கல நாணைப் புதுப்பித்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். அம்மன் கழுத்தில் திருமாங்கல்யம் ஏறும் அதே கணத்தில் புது மஞ்சள் கயிறு மாற்றி, மாங்கல்யத்திலும் நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் இட்டுக்கொள்வர். சித்திரை வெயிலில் வியர்வை வழிய, நெற்றித் திலகம் கலைந்து புருவம்வரை இறங்கினும், அதைத் துடைக்க மனம் ஒப்பாத முதிய அம்மையார் எத்தனையோ பேர்.

அந்த நெற்றிகளுள் சிலவற்றை அருகிருந்து நோக்கினால் வேறொன்றும் புலப்படும். திலகம் இடும் இடத்தைச் சுற்றிக் காசளவில் ஒரு கருமை. சிலருக்கு அது சாம்பல் நிறம். சிலருக்கு நீலம் கலந்த கருநிறம். வேறு சிலருக்கோ, ஒட்டுப்பொட்டு வைத்த இடத்தில் நிறமிழந்த வெண்புள்ளி. "நாற்பது ஆண்டு குங்குமம் வைத்த தடம்" என்று பெருமையாகவோ, "வயதானால் இப்படித்தான்" என்று அலட்சியமாகவோ அதனைக் கடந்து விடுவதுண்டு. அரிப்பு மிகும்போதுகூட மருத்துவரிடம் செல்லத் தயங்குவதற்கு ஓர் அச்சமே காரணம்: "குங்குமத்தை நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுவாரோ?" வெறும் நெற்றியோடு இருப்பது அமங்கலம் என்று வளர்ந்தவர்க்கு அந்தச் சொல் நோயினும் கொடிது.

அந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை. துன்பம் தருவது திலகம் இடும் வழக்கமன்று. குங்குமம் என்ற பெயரில் சிமிழுக்குள் வந்து சேர்ந்த வேறு பொருள்களே.

மஞ்சள் சிவந்த வரலாறு

குங்குமத்தின் தாய் மஞ்சளே. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் செந்நிறம் கொள்ளும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அது இரத்தச் சிவப்பாக மாறுவதைக் காணாத இல்லம் இல்லை. ஆயினும் சுண்ணாம்பால் வந்த சிவப்பு நிலைத்து நிற்பதில்லை. அதனால் முன்னோர் விரலி மஞ்சளை எலுமிச்சைச் சாறு, வெண்காரம், படிகாரம் ஆகியவற்றோடு ஊறவைத்து, நிழலில் பலநாள் உலர்த்தி, இடித்துச் சலித்தனர். புளிப்பும் வெண்காரமும் சேரும்போது மஞ்சளின் நிறப்பொருள் நிலையான செந்நிறமாகிவிடும். அவ்வாறு செய்த குங்குமம் அரக்குச் சிவப்பாக, சற்றே அடங்கிய நிறத்தில் இருக்கும். கண்ணைப் பறிக்கும் பளபளப்பு அதற்கு இராது.

இன்று அங்காடிகளில் குவியும் தூள்களுள் பல இந்த வழியில் பிறந்தவையல்ல. மாவுப் பொருளோ சுண்ணக் கற்பொடியோ அடிப்பொருளாக, அதன்மேல் தார்ச்சாயம் எனப்படும் செயற்கைச் சாயமும், எண்ணெயும், நறுமணப் பொருளும் சேர்ந்தவை அவை. மதுரையின் தாழம்பூக் குங்குமம் பெயர் பெற்றது. அம்மணம் தாழம்பூவிலிருந்து வந்ததா, செயற்கை நறுமணத்திலிருந்து வந்ததா என்பதை மூக்கு அறியாது. திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக மங்கலப் பொருள்களும் வளையல்களும் விற்ற கடைகள், மண்டபப் புனரமைப்பை ஒட்டிக் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் பெயர்ந்துள்ளன. அங்கும் பிற இடங்களிலும் விற்போர் பலருக்கே தாம் அளந்து கொடுக்கும் தூளில் என்ன கலந்துள்ளது என்பது தெரியாது. குற்றம் அவர்களுடையது என்று சொல்வதற்கில்லை.

புதுச்சேரியில் கண்டறிந்தது

இது வெறும் ஐயமன்று. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள், குங்குமத்தால் தோல் அழற்சிக்கு ஆளான 46 பேரை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். குங்குமம் பட்ட இடத்தில் அரிப்பு, தடிப்பு, செதில் ஆகியன தோன்றுவதும், அவை அடங்கிய பின்னரோ அடங்காமலேயோ தோல் கருத்துப்போவதும் தோல் மருத்துவ நூல்களில் இன்று தனிப் பெயரோடு இடம் பெற்றுவிட்டன. செயற்கைச் சாயங்களேயன்றி, குங்குமத்தில் சேரும் நிலக்கடலை எண்ணெய், பிசின், நறுமண எண்ணெய், கெடாமற் காக்கும் வேதிப்பொருள் ஆகியவையும் சிலருக்கு ஒவ்வாமை விளைவிக்கின்றன.

இதற்கு முன்னரே ஜப்பான் நாடு இத்தகைய பாடத்தைக் கற்றது. 1970களில் அந்நாட்டுப் பெண்கள் பலர் முகம் கருத்து மருத்துவமனைகளை நாடினர். ஒப்பனைப் பொருள்களில் சேர்ந்த ஒரு சிவப்புச் சாயமும், அதில் மாசாக இருந்த சூடான் ஒன்று என்னும் பொருளும் முதன்மைக் காரணங்கள் எனத் தெரிந்தது. அப்பொருள்கள் விலக்கப்பட்டபின் அந்நோய் பெருமளவு குறைந்தது. ஒப்பனையைக் கைவிடாமல், தீங்கு செய்த பொருளை மட்டும் கைவிட்டே அந்நாட்டுப் பெண்கள் நலம் பெற்றனர் என்பது கருதத்தக்கது.

இந்தக் கருமை உடனே தோன்றுவதில்லை. ஒவ்வாத சாயம் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தோலினுள் இறங்கும். வியர்வை அதனைக் கரைத்து உட்செலுத்தும். வெயில் பட்டால் கருமை மேலும் ஆழப்படும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் பங்குனி தொடங்கி ஆனிவரை வெயிலுக்குக் குறைவில்லை. முதுமையில் தோல் மெலிந்து, எண்ணெய்ப் பசை குறைந்து, தன் காப்பு வலிமையை ஓரளவு இழந்தும் நிற்கிறது. ஆகவே முப்பது வயதில் ஒன்றும் செய்யாத குங்குமம் எழுபது வயதில் அரிப்பைத் தருவதில் வியப்பில்லை. பல்லாண்டு பழகிய பொருளுக்கும் ஒருநாள் ஒவ்வாமை தோன்றலாம் என்பதை முதியோர் அறிந்திருத்தல் நன்று.

ஒட்டுப்பொட்டின் கதை வேறு. அதன் பின்புறப் பசையில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் வேதிப்பொருள், தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களையே அழிக்க வல்லது. பொட்டுப் பசையால் நெற்றியில் வெண்புள்ளி தோன்றுவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் 1990ஆம் ஆண்டிலேயே எழுதி எச்சரித்தனர். தொடக்கத்திலேயே பொட்டை நிறுத்தி மருத்துவம் செய்துகொண்டால் நிறம் மீள வாய்ப்புண்டு. காலம் கடந்தால் அரிது.

ஈயமும் செந்தூரமும்

வடநாட்டில் வகிட்டில் இடும் சிந்தூரும் தென்னாட்டுக் குங்குமமும் ஒன்றல்ல. எனினும் திருமண உறவாலும் அங்காடிகளாலும் சிந்தூர் இன்று மதுரை இல்லங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியில் 95, மும்பை மற்றும் தில்லியில் 23 என 118 சிந்தூர் மாதிரிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 80 விழுக்காட்டு மாதிரிகளில் கிராமுக்கு 1 மைக்ரோகிராமுக்குக் குறையாத ஈயம் இருந்தது. மாதிரிகளுள் ஒரு பகுதி, அந்நாடு ஒப்பனை நிறப்பொருளுக்கு வகுத்த 20 மைக்ரோகிராம் எல்லையையும் கடந்திருந்தது.

ஈயம் தோல்வழி உட்புகுவது மிகச் சிறிதளவே. கையில் ஒட்டிய தூள் உணவோடு வயிற்றுக்குள் செல்வதும், குழந்தை தன் விரலை வாயில் வைப்பதுமே பெரிய ஆபத்து. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆஞ்சநேயர் சந்நிதியிலும் பிள்ளையார் சந்நிதியிலும் பெறும் செந்தூரத்தைப் பேரனின் நெற்றியில் இடும் பாட்டி, இட்டபின் தம் கையைக் கழுவிவிட்டே அவனுக்குச் சோறு ஊட்டுதல் வேண்டும். திருநீற்றை நெற்றியில் இட்டுச் சிறிது வாயிலும் போட்டுக்கொள்வது பலர் வழக்கம். பசுஞ்சாணத்தைப் புடமிட்டு எடுத்த நீறாக இன்றி, வெண்கற்பொடியில் மணம் சேர்த்த கடைத்தூளாக இருப்பின் அதை உட்கொள்ளாதிருப்பதே முறை.

கண்மையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டில் விளக்கெண்ணெய்த் தீபத்தின் கரியைத் திரட்டிச் செய்த மை ஒருவகை. சுர்மா என்ற பெயரில் விற்கும் மை வேறுவகை. பின்னதில் ஈயக் கல்லே மூலப்பொருளாக இருப்பதுண்டு. வீட்டு மையாயினும் பச்சிளங் குழந்தையின் கண்ணுக்குள் விரலால் தீட்டினால் கிருமி சேரலாம். கண்ணேறு கழியக் கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு புள்ளி வைத்தாலே போதும்.

மரகதவல்லியின் ஊரில்

மதுரை அன்னையின் திருநாமங்களுள் ஒன்று மரகதவல்லி. பச்சை நிறமே அவள் மேனி. அந்தப் பச்சை மேனியின் முன் கைகூப்பி நின்றுவிட்டு வீடு திரும்பும் பெரியோரே, பெயர்த்திக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் "நிறம் கொஞ்சம் மட்டு" என்று வருந்துவதைக் காண்கிறோம். அந்த ஒரு சொல்லே பெண்ணை நிறம் வெளுக்கும் களிம்பை நோக்கித் தள்ளிவிடுகிறது.

அக்களிம்புகளுள் சிலவற்றில் பாதரசம் உண்டு. பாதரசம் தோலின் நிறமி உருவாவதைத் தடுத்து வெளுக்கச் செய்யும். கூடவே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அரிதான ஒரு குறிப்பொருள் தென்பட்டது. அந்த 15 பேருள் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியதை ஒப்புக்கொண்டனர். முகம் வீங்கி, கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து வந்தவர்கள் அவர்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகள், கண்ணுக்கான பொருள்கள் நீங்கலாக, தவிர்க்க இயலாத மாசாகவேனும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருத்தலாகாது என்கின்றன. ஆயினும் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத களிம்புகள் கடல் கடந்தும், கைமாறியும் வந்துகொண்டே இருக்கின்றன.

மற்றொரு வகை, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தோல் அழற்சிக்கு மருத்துவர் சில நாளுக்கென எழுதித் தருவதை, முகம் பளிச்சிடுகிறது என்று மாதக் கணக்கில் பூசுவோர் உண்டு. நாடு தழுவிய 12 மையங்களில் முகத் தோல் நோய்க்கு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் இத்தகைய களிம்பைப் பூசி வந்தமை தெரிந்தது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, குருதி நாளங்கள் வெளித்தெரிந்து, பரு மலிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினாலோ முகம் சிவந்து வீங்கும். 2018ஆம் ஆண்டு நடுவணரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைத்தாலும், அது முகப்பூச்சு அன்று என்பதை வீட்டுப் பெரியோர் எடுத்துச் சொல்லலாம். அதனினும் முன்னதாக, நிறம் பற்றிய பேச்சையே வீட்டில் நிறுத்திவிடலாம்.

கடைப்பிடிக்கத் தக்கவை

புதுக் குங்குமம் எதுவாயினும் முதலில் முழங்கையின் உட்புற மடிப்பருகே சிறிது தடவி, நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் பார்த்தல் நன்று. அரிப்போ சிவப்போ தோன்றவில்லையெனில் பின்னரே நெற்றிக்கு. ஒரு குவளை நீரில் சிட்டிகை தூவிப் பார்ப்பதும் பயன் தரும்: இளஞ்சிவப்புச் சாயம் கோடு கோடாக இறங்கினால் அது மஞ்சளால் ஆனதன்று. ஆனால் எண்ணெயில் மட்டுமே கரையும் சாயங்களும் உள்ளமையால், நீரில் சாயம் இறங்காத ஒன்றையே கொண்டு தூயது என முடிவு கட்டவும் இயலாது.

பொதியின்மீது தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், பயன்படுத்தத் தக்க காலம், சேர்ந்துள்ள பொருள்கள் ஆகியன உள்ளனவா எனப் பார்த்து வாங்குதல் வேண்டும். குங்குமத்துக்கும் சிந்தூருக்கும் நீர்மப் பொட்டுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித்தனியே தர அளவுகள் வகுத்துள்ளது. எழுத்து நுண்ணியதாக இருந்தால் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம்.

திலகம் சிறிதாக இருப்பினும் மங்கலம் குறைவதில்லை. இரவு உறங்கப்போகுமுன் பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு மென்மையாகத் துடைத்து, வெந்நீரைத் தவிர்த்துத் தண்ணீரால் கழுவிவிட்டால், தோல் ஒரு பொழுதேனும் ஓய்வு பெறும். காலையில் நீராடியபின் புதுத் திலகம் இடலாம். ஒட்டுப்பொட்டை இரவில் கண்ணாடியில் ஒட்டி மறுநாள் எடுத்து வைக்கும் வழக்கம் விட்டொழிக்கத் தக்கது. தூசியும் வியர்வையும் ஏறிய பசை அது.

அரிப்புக் கண்டவர் சில வாரம் நெற்றியில் குங்குமத்தை நிறுத்தி வைக்கலாம். அக்காலத்தில் சந்நிதியில் தரும் பிரசாதத்தை மறுக்க வேண்டுவதில்லை. பணிந்து பெற்று, வீட்டுப் பூசை அறையில் அம்மன் படத்துக்கு இட்டால் அதுவும் அணிந்ததற்கு ஒப்பே. சந்தனம் இடுவோர், மணமூட்டிய மரத்தூளை விடுத்து, கல்லில் இழைத்த சந்தனத்தை நாடலாம். திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் தரிக்கும் அழகர்கோயில் அன்பர்களுக்கும் இவ்விதிகளே பொருந்தும். ஸ்ரீசூர்ணத்திலும் செயற்கைச் சாயம் கலப்பதுண்டு.

மஞ்சளும் எல்லார்க்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல இயலாது. இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒவ்வாமை வாராது எனக் கொள்ளுதல் பிழை. வீட்டில் குங்குமம் செய்ய முனைவோர், வெண்காரம் உட்கொண்டால் நஞ்சு என்பதை மனத்திற் கொண்டு, அதனைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் கடன்.

நரைக்குச் சாயம் இடும் பெரியோர் ஒவ்வொரு முறையும் காதின் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் காத்திருத்தல் வேண்டும். கருஞ்சாயங்களில் உள்ள பாராஃபினைலின் டைஅமின் என்னும் பொருள், பல முறை தீங்கின்றி இட்டவர்க்கும் ஒருமுறை முகமும் இமையும் வீங்கச் செய்யலாம். மூச்சுத் திணறல் கண்டால் நேரம் கடத்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் பகுதிகளிலிருந்து நகருக்குத் தரிசனத்துக்கு வருவோர், நெற்றியில் கருமையோ வெண்புள்ளியோ இருப்பின் அதே பயணத்தில் அங்கும் ஒருமுறை சென்று வரலாம். செல்லும்போது வீட்டுக் குங்குமச் சிமிழையும் பொட்டு அட்டையையும் உடன் எடுத்துச் செல்வது மிகவும் பயன்படும். எந்தப் பொருளால் ஒவ்வாமை என்பதை முதுகில் சிறு ஒட்டுகள் வைத்து அறியும் சோதனை தோல் மருத்துவத்தில் உண்டு. காரணம் தெரிந்தால் விலக்க வேண்டியது அந்த ஒரு பொருளை மட்டுமே, திலகத்தையன்று.

அடுத்த சித்திரையில் திருக்கல்யாண முகூர்த்தம் வரும். புது மஞ்சள் கயிற்றோடு, சிமிழில் ஆராய்ந்து வாங்கிய மஞ்சட் குங்குமமும் இருக்கட்டும். பாட்டி அதைத் தொட்டு முதலில் தம் நெற்றியிலும், பின் பெயர்த்தியின் நெற்றியிலும் சிறு புள்ளியாக இடுவார். பச்சை மேனியாள் அருளால் இருவர் நெற்றியும் நலமாக விளங்கும்.